பல் முளைத்த தொட்டி

"எங்க ஊர் தண்ணித் தொட்டிக்குப் பதினோரு பல்லு முளைச்சிருக்குதுங்க மேடம்" என்றான் தீர்த்தகிரி. "எல்லாம் முன்பல்லுதான். கடைவாய் இன்னும் வரலை."

ரேணுகாதேவி ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் இறக்கியிருந்தாள். இன்னொரு காலையும் இறக்குவதா, இறக்கிய காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு தர்மபுரிக்கே திரும்பிவிடுவதா என்று யோசித்தாள். நீர்ப் பங்கீட்டு வாரியத்தில் அவளுக்கு இருபத்தேழு வருஷ சர்வீஸ். மீட்டரைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறாள். குழாயில் பேய் முனகுவதால் வால்வைத் திறக்க முடியவில்லை என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த தலைவரையும் பார்த்திருக்கிறாள். தொட்டிக்குப் பல் முளைத்ததாகச் சொல்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"நீங்கதான் டேங்க் ஆபரேட்டரா?"

"இருபது வருஷமா நான்தானுங்க. இந்தத் தொட்டி தும்மினா எனக்குச் சளி பிடிக்கும்."

"பல்லை விடுங்க. இந்தக் கருங்கல்கொட்டாயில எட்டு வயசுக்குள்ள எத்தனை பிள்ளைங்க?"

"நாப்பத்தொண்ணு."

"உங்க தொட்டி ஐம்பத்திரண்டுன்னு சொல்லுது. மிச்சம் பதினோரு பேர் யாரு?"

"அதைத்தானுங்க மேடம் எடுத்த எடுப்புலயே சொன்னேன்."

அவள் விட்ட பெருமூச்சில் ஜீப்பின் கண்ணாடி மங்கிப்போனது. மே மாதம், நூற்றுப்பத்து டிகிரி வெயிலில் கண்ணாடி மங்குவதென்றால் அது எப்பேர்ப்பட்ட பெருமூச்சு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வந்த காரியம் லேசானதல்ல. நாலைந்து வருஷமாக இந்த ஊர் தன் பங்கைப்போல இரண்டு மடங்கு ஆற்றுத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதே குழாயில் கீழே இருக்கிற நாலு ஊர்களுக்கு அவ்வளவும் குறைகிறது. அவர்கள் போட்ட மனுக்கள் அவளுடைய மேசையில் நாற்காலி உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. செத்தவர்கள் ரேஷன் அரிசி வாங்கிய காலத்தைப் பற்றி அவள் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறாள். இப்போது பிறக்காதவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள் போலிருக்கிறது. பதினோரு போலிக் குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பெயரை அடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தாள்.

கோடை லீவானாலும் பிள்ளைகளை வரவழைத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முதல் ஆளாக நின்றவள் தீர்த்தகிரியின் இளைய மகள் துளசிமணி. ஆறு வயது. கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்குப் பட்டால் ஆடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே கைகட்டி ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என் பல்லுல அரிசி மாதிரி பல்மணி ஒட்டியிருக்கு. அது என் எச்சிலை நக்கிப் பாத்துத் தொட்டிகிட்ட சொல்லும். எங்க ஊர் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. ஜாஸ்தியா இருந்தா ஈறுக்குள்ள இருக்கிற புதுப் பல்லு காவி பிடிச்சு வெளிய வரும். துளியும் இல்லாட்டி சொத்தை வரும். அளவா இருந்தா பல்லு கெட்டியா இருக்கும். தொட்டிக்கு மூளை இருக்கு. எங்க வாயையெல்லாம் கேட்டு, ஆத்துத் தண்ணியைக் கலந்து அளவாக் குடுக்கும். எட்டு வயசுவரைக்கும் நாங்கதான் தொட்டிக்கு எசமான். வணக்கம்."

"ஆடற பல்லு விழுந்தா என்ன செய்யணும்?" என்றாள் ரேணுகாதேவி.

துளசிமணி வாயை இறுக மூடிக்கொண்டாள். நாற்பத்தோரு பிள்ளைகளும் மூடிக்கொண்டார்கள். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

"பல்மணியோட சேர்த்து உறையில போட்டுச் சுகாதார நிலையத்துல ஒப்படைக்கணும். அங்க பழைய நம்பரை அடிச்சுட்டு, அடுத்த பல்லுல புதுசு ஒட்டுவாங்க. உறை வந்து சேரலைன்னா, புதுசு ஒட்டினாலும் பழைய நம்பர் கணக்குல அப்படியே இருக்கும். சொல்லிக்கொடுத்தாங்களா இல்லையா?"

"சொன்னாங்க மேடம்" என்றான் தீர்த்தகிரி பின்னாலிருந்து. "விழுந்த பல்லைக் கவர்ன்மென்ட்ல குடுன்னா எந்த அம்மா குடுப்பா? அப்புறம் புதுப் பல்லு கவர்ன்மென்ட் ரோடு மாதிரி முளைக்காதுங்களா?"

அவள் ஒவ்வொரு வாயாகக் கருவியைக் காட்டி எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. போலி ஒருவரும் இல்லை. எரிச்சலோடு நிமிர்ந்தவள், ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. சிரித்தார்கள். பல்லில் குறுக்கே பழுப்புக் கோடுகள், சிலருக்குப் பல்லே துருப்பிடித்த தகரம்போல. அது அவளுக்குப் பழக்கப்பட்ட காட்சி. திரும்பி வரிசையில் நின்ற ஏழு வயதுக்காரர்களைப் பார்த்தாள். புதிதாக முளைத்த முன்பற்கள் தேங்காய்ச் சில்லுகள்போல் பளிச்சென்றிருந்தன. ஒரு கோடு இல்லை. ஒரு புள்ளி இல்லை.

கீழே உள்ள நாலு ஊர்களிலும் இதே குழாய், இதே மாதிரி தொட்டி, இதே பல்மணிதான். அங்கே ஏழு வயதுக்காரர்களுக்கும் கோடு இருந்தது. போன வாரம்தான் பார்த்தாள்.

"பேஸ்ட் மாத்தினீங்களா?"

"தொட்டிக்குப் பல்லு முளைச்ச பொறவு எங்க பிள்ளைங்களுக்குப் பல்லு விளக்கவே நேரமில்லைங்க. சிரிக்கறதுக்கே பொழுது சரியாப் போகுது."

"தீர்த்தகிரி, ஏணியைக் காட்டுங்க."

அறுபத்தெட்டுப் படி. ரேணுகாதேவியின் முழங்கால்கள் முப்பதாவது படியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தன. முன்னால் ஏறிய தீர்த்தகிரி வாய் ஓயவில்லை. "மேல போனா பெங்களூர் தெரியும் மேடம். காத்து நம்ம பக்கம் அடிச்சா, அங்க சிக்னல்ல யாரு யாரைத் திட்டறாங்கன்னு கூடக் கேக்கும்."

மேலே போனதும் பெங்களூர் தெரியவில்லை. ஊர்தான் தெரிந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் கூரை முழுக்கச் சூரியத் தகடு, கண்ணைக் கூசவைத்தது.

"அதான் வினையே" என்றான் தீர்த்தகிரி. "பல்லு விழுந்தா சாணி உருண்டையில வெச்சுக் கூரை மேல வீசணும். உருண்டை மேலயே நிக்கணும், அப்பத்தான் பல்லு நேரா முளைக்கும். நீங்களும் வீசியிருப்பீங்க. இந்தத் தகட்டு மேல என்னத்தை வீசினாலும் வழுக்கிக் காலடியில வந்து விழுது. அம்மாக்காரிங்கெல்லாம் அழுதுட்டாங்க. ஊர்ல தகடு இல்லாத ஒரே கூரை இதுதான். வெள்ளிக்கிழமை குளோரின் போட ஏறுவேன் இல்லைங்களா, அப்படியே பிள்ளைங்க பல்லையும் கொண்டாந்து வெச்சுடுவேன். மழை வந்து கரைச்சு, இந்த மூடி வழியா உள்ள தள்ளிடுச்சு."

"சாணியையா? குடிக்கிற தண்ணியிலயா?"

"பசுஞ்சாணிங்க. அதுக்கு மேல குளோரின் வேற."

ரேணுகாதேவி மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, டார்ச்சை உள்ளே அடித்தாள். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. அடியில், வெளிக்குழாயின் வலையோரம், வெள்ளையாகச் சில. எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். பதினொன்று.

கையில் இருந்த திரையைத் தட்டினாள். தொட்டியின் மூளை ஐம்பத்திரண்டு வாய்களையும் பட்டியல் போட்டிருந்தது. நாற்பத்தோரு வாய்கள் சாப்பிட்டன, தூங்கின, தண்ணீர் குடித்தன. மிச்சம் பதினொன்றுக்கு எதிரே 'இடைவிடாமல் குடிக்கிறது' என்று இருந்தது. ராத்திரி பகல் கிடையாது. ஐந்து வருஷமாக ஒரே மடக்கு.

"இந்த முட்டாள் மூளை" என்றாள் மெதுவாக, "பதினோரு பிள்ளைங்க இருபத்துநாலு மணி நேரமும் தண்ணியில வாயை வெச்சிருக்காங்கன்னு நினைக்குது. ஐயோ ஃப்ளோரைடு ஏறிப்போச்சேன்னு பதறிக்கிட்டு ஆத்துத் தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருக்கு."

"அதனாலதான் பல்லு வெளுத்துச்சுங்களா?"

"வெளுக்கக் கூடாது. கணக்குப்படி மத்த ஊர்லதான் சரியான அளவு. இங்க அதைவிடக் குறைஞ்சுபோய், பிள்ளைங்க வாயெல்லாம் சொத்தையா இருக்கணும்." அவள் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உங்க துளசி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பா?"

"இந்த வெயில்லயா? மூணு லிட்டர் குடிப்பா. களி கிண்டற தண்ணி, குழம்புத் தண்ணியெல்லாம் தனி."

"மூளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கறது ஒரு லிட்டர்."

"யாரு மேடம் அளந்தது?"

"புஸ்தகத்துல போட்டிருந்துச்சு."

"புஸ்தகம் எந்த ஊர்ல இருந்துச்சுங்க? ஏ.சி. ரூம்லயா?"

அவள் தன் விரலைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் புஸ்தகத்தைப் பார்த்து, 'ஒரு குழந்தை, ஒரு நாள்' என்ற கட்டத்தில் ஒன்று என்று தட்டிய விரல் இப்போது மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே விரல்தான். எச்சிலில் எவ்வளவு ஃப்ளோரைடு என்று பல்மணி சொல்லிவிடும். எத்தனை லிட்டர் உள்ளே போகிறது என்று அதற்குத் தெரியாது. அதை அலுவலகம்தான் சொல்ல வேண்டும். அலுவலகம் சொன்னது. ஐந்து ஊர்ப் பிள்ளைகளும் மூன்று பங்கு குடித்தார்கள். நாலு ஊரில் கோடு விழுந்தது. ஒரு ஊரில் மட்டும் பதினோரு செத்த பற்கள் தண்ணீருக்கடியில் கிடந்து, உயிருள்ள வாய்கள் சொல்லத் தெரியாததைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அவளுக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் பக்கத்தில் இருந்தவன்மேல் காட்டினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. தானா விழுந்துச்சா, நீங்க போட்டீங்களா?"

"முதல் பல்லு தானா விழுந்துச்சுங்க."

"மத்தது?"

"மத்ததும் தானாத்தான் விழுந்துச்சு." தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான். "மூடியைத் திறந்துவெச்சது மட்டும் நான். மூணாவது பல்லு விழுந்தப்பவே தண்ணி ருசி மாறிப்போச்சு. சும்மா விட்டுப் பாப்போமேன்னு."

கீழே இறங்கியதும் செயற்பொறியாளர் ஜெயசீலனுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் யாரிடமோ போனைப் பொத்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"மேடம், வெயில்ல நின்னீங்களா? மோர் குடிங்க. மீட்டர் கோளாறுன்னு நாலு வரி எழுதிட்டு வாங்க. பழைய நம்பரையெல்லாம் இங்கேர்ந்தே அழிச்சுடறோம், தொட்டி பழையபடி ஓடும்."

"சார், அந்த ஒரு லிட்டர் தப்பு. மூணுன்னு மாத்தணும். அஞ்சு ஊருக்கும்."

"மாத்தினா ஆத்துத் தண்ணி எங்கேர்ந்து வரும்? தொழிற்பேட்டைக்குப் போறதைக் குறைக்கச் சொல்றீங்களா? நாலு வரி மேடம். நாலே வரி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மோரே வந்து நின்றது. தீர்த்தகிரியின் மூத்த மகள் மாதேவி கொண்டுவந்திருந்தாள். பதினேழு வயது. சொம்பை நீட்டும்போதும் இன்னொரு கையால் துப்பட்டாவை வாயருகே பிடித்திருந்தாள். பேசும்போதும் எடுக்கவில்லை.

"மேடம், மீட்டர் கோளாறுன்னு எழுதினா துளசிக்கு என்ன ஆகும்?"

"கடைவாய்ப் பல் இன்னும் உள்ள உருவாகிட்டிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம்." ரேணுகாதேவிக்குச் சுற்றிவளைத்துப் பேச வரவில்லை. "பழைய தண்ணியானா அதுல கோடு விழும். இப்ப தவழ்ற பிள்ளைங்களுக்கு முன்பல்லுலயே விழும்."

"நீங்க எழுதாம விட்டா?"

"இன்னும் நாலஞ்சு பல்லு உள்ள விழுந்தா ஃப்ளோரைடு ரொம்பக் குறைஞ்சு எல்லாருக்கும் சொத்தை. கீழ இருக்கிற ஊருக்குத் தண்ணியே வராது. அவங்க பிள்ளைங்களுக்கும் பல்லு இருக்குல்லம்மா."

"அப்ப எது சரி?"

"அதைத்தான் யோசிக்க விடமாட்டேங்கறாங்களே."

மாதேவி தலையாட்டினாள். "நான் ஸ்கூல் குரூப் போட்டோ எதுலயும் சிரிச்சதில்லை மேடம். வாத்தியார் எனக்குத் திமிருன்னு நினைச்சுக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சொம்போடு போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து துளசிமணி ஒரு கொய்யாக்காயைக் கடித்தாள். கொய்யாவில் பல் நின்றுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், ஊர் முழுக்கக் கேட்கிற கத்தல், உடனே ஒரு பெருமிதச் சிரிப்பு. பல்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு நேராக ரேணுகாதேவியிடம் வந்தாள்.

"அப்பா வெள்ளிக்கிழமைதான் ஏறுவாரு. நீங்க கொண்டுபோய் வைங்க."

"நான் இப்பத்தான் இறங்கினேன் கண்ணு. அறுபத்தெட்டுப் படி."

"பெரியவங்கதானே நீங்க."

பல்லின் பின்புறம் பல்மணி மினுங்கியது. நம்பர் முப்பத்தேழு. ரேணுகாதேவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டாள். இந்தப் பழக்கத்தால்தான் இருபத்தேழு வருஷத்தில் இரண்டே பதவி உயர்வு. பதினோரு பற்கள் உள்ளே கிடப்பதைப் பார்த்தாள், சரி. ஒரு பல் உள்ளே விழுந்து, மூளை ஏமாந்ததைப் பார்த்தாளா? பார்க்கவில்லை.

"சாணி வெச்சுத் தரட்டுமா?" என்றாள் துளசிமணி.

"சாணி வேண்டாம்."

"கோணலா முளைக்கும்."

"முளைக்காது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

ரேணுகாதேவி பையிலிருந்து காகிதத்தை எடுத்து, நேராக முளைக்கும் என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவள் சர்வீஸில் விசாரிக்காமல் போட்ட முதல் கையெழுத்து அதுதான். பல்லைக் குளோரின் தண்ணீரில் கழுவிக்கொண்டு மறுபடி ஏறினாள். முழங்கால்கள் இந்தத் தடவை ராஜினாமா கொடுக்கவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடியே போய்விட்டன. மூடியைத் தூக்கினாள். பல்லை விட்டாள். சின்னதாக ஒரு சத்தம். ஐந்து நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழாம் நம்பருக்கு எதிரே எழுத்து மாறியது: இடைவிடாமல் குடிக்கிறது. கீழே எங்கோ ஒரு வால்வு தானாகத் திரும்பியது காலடியில் அதிர்ந்தது.

அவள் அந்தப் பல்லைத் திரும்ப எடுக்கவில்லை. எடுக்க வலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலை தீர்த்தகிரியின் அறையில் மாட்டியிருந்தது.

நாலு வரிக்குப் பதில் ஒன்பது பக்கம் எழுதினாள். ஒரு லிட்டர் தப்பு, மூன்று லிட்டர் சரி, ஐந்து ஊர்ப் பிள்ளைகளின் பல் படங்கள் இணைப்பு. தொட்டியின் அடியில் பதினோரு பற்கள் கிடந்ததாக எழுதினாள். பன்னிரண்டாவதைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் குடிநீர்த் தொட்டியில் அந்நியப் பொருள் போட்ட அதிகாரி என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாலு வாரம் கழித்து மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. அதுவரை எதையும் தொடக்கூடாதென்று தொட்டியின் மூடிக்குச் சீல் வைத்திருந்தார்கள். பெரிய மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் ஜெயசீலன். அறைக்குள் ஏ.சி. குளிர். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள், இரண்டு மணி நேரமாக யாரும் தொடவில்லை. ரேணுகாதேவி அந்த நிறைந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்த்தகிரியை நிற்கவைத்துக் கேட்டார்கள். அவன் பெங்களூர் சிக்னலிலிருந்து ஆரம்பித்துப் பசுஞ்சாணிவரை ஒன்றும் விடவில்லை. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"சரிப்பா" என்றார் ஜெயசீலன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "உன் தொட்டிக்கு எத்தனை பல்லுன்னு சொன்னே?"

"பதினொண்ணுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

தீர்த்தகிரி ஓரக்கண்ணால்கூட ரேணுகாதேவியைப் பார்க்கவில்லை. "பதினொண்ணேதானுங்க."

ஜெயசீலன் திரையை மற்றவர்கள் பக்கம் திருப்பினார். "இங்க பன்னிரண்டு நம்பர் இடைவிடாமல் குடிக்குதுன்னு காட்டுது. இவன் பதினொண்ணுங்கறான். மேடம் ரிப்போர்ட்லயும் பதினொண்ணு. பல்லுதான் காரணம்னா கணக்கு இடிக்கக் கூடாது. இடிக்குது. அப்ப மீட்டர்தான் கோளாறு. கதை வேற, கருவி வேற. பழைய நம்பரை அழிச்சுட்டு ஃபைலை மூடலாமா?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒருவர் பேனாவைத் திறந்தார்.

தீர்த்தகிரியின் வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூடிக் கிடந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"கணக்கு சரியாத்தான் சார் இருக்கு" என்றாள் ரேணுகாதேவி. எழுந்து நின்றாள். முழங்கால் வலித்தது. "மீட்டர்ல கோளாறு இல்லை. நம்பர் முப்பத்தேழு, துளசிமணி, கீழ்வரிசை முன்பல். போன மாசம் ஒன்பதாந்தேதி சாயங்காலம் நாலு மணிக்கு விழுந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஆள் சொன்னாரா?"

"இவர் சொன்னப்ப நான் ஒரு வார்த்தைகூட நம்பலை சார். நடந்தது உண்மை. பன்னிரண்டாவது பல்லை உள்ள போட்டது நான்தான்."